வாசகரைத் தேடிய நூல்கள்
நமது நூலலுமாரியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

இலங்கை முஸ்லிம்களின் தமிழ் இலக்கிய வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றையே தேர்ந்துகொள்கின்றனர். புலவர்களையும் எழுத்தாளர்களையும் கால வரிசையில் நிறுத்தி அவர்களது படைப்புகளைப் பட்டியலிடுவது ஒரு வழி. காப்பியம், மாலை, கிஸ்ஸா, மசலா, படைப்போர், முனாஜாத்து, நாவல், சிறுகதை, புதுக்கவிதை என்று வகை பிரித்து ஒவ்வொரு வகையிலும் எத்தனை நூல்கள் தோன்றின என்று கணக்கெடுப்பது மற்றொரு வழி. இவ்விரு வழிகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டை ஆராய்ந்து 1953இல் ஆங்கிலத்தில் நூலாகத் தந்திராவிட்டால் நம்மிடம் இத்தனை நூல்கள் இருந்தன என்பதே பலருக்குத் தெரியாது போயிருக்கும். அந்த ஆய்வு நூலை வெளியிட்டது கண்டி மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து இயங்கிய கல்ஹின்னைத் தமிழ் மன்றம் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

எனினும், மூன்றாவது வழியொன்றும் உண்டு. இந்த நூல் யார் வாசிப்பதற்காக எழுதப்பட்டது என்று கேட்டுக்கொண்டு அலுமாரியைப் பார்ப்பதே அது. கிராமப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பதோடு நூலகப் பொறுப்பையும் சுமக்கும் என் போன்றவர்களுக்கு இக்கேள்வி வெறும் ஆய்வுக் கேள்வியன்று. தரம் ஐந்தில் படிக்கும் பிள்ளையும், சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும் மாணவியும், பின்னேரத்தில் பத்திரிகை பார்க்க வரும் விவசாயியும் ஒரே அலுமாரியின் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுள் யாருக்கு நம்மிடம் நூல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது கதவைத் திறந்த உடனேயே தெரிந்துவிடும்.

நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக்கியவர் சீர்காழியிற் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவ்விதிகளில் இரண்டு, வாசகரையும் நூலையும் ஒன்றுக்கொன்று உரியவையாக இணைத்துப் பேசுகின்றன. ஆசிரியர் கலாசாலையில் இதனை நாங்கள் பரீட்சைக்காகப் படித்தோம். ஆனால் அந்த விதிகளின் பெயரைக் கேட்டிராத நமது முன்னோர் அவற்றை நடைமுறையில் எவ்வளவு தூரம் கைக்கொண்டிருந்தார்கள் என்பது, அவர்களது நூல்களை வாசகர் வாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. இக்கட்டுரையின் நோக்கம் அவ்வாறு ஒருமுறை அடுக்கிப் பார்ப்பதேயாகும்.

கேட்டு வாசித்தவர்கள்

நமக்கு இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா. மதுரையில் அரங்கேறிய இந்நூல் கேள்வியும் பதிலுமாக அமைந்தது. நபி (ஸல்) அவர்களிடம் அப்துல்லா இப்னு சலாம் கேட்கும் கேள்விகளும் அவற்றிற்குக் கிடைக்கும் விடைகளுமே அதன் பொருள். மார்க்க விடயங்களைச் சாதாரண மக்களுக்கு எடுத்துச் சொல்லப் புறப்பட்ட ஒரு புலவர் கேள்வி பதில் என்ற வடிவத்தைத் தெரிந்தெடுத்தது தற்செயலானதன்று. வகுப்பறையில் நிற்பவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டால் விடை வரும் வரையில் பிள்ளை எழுந்து போகாது.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் இன்னொரு வகை வாசகரை நோக்கியது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்ற மூன்று காண்டங்களில் 5027 விருத்தப் பாக்களைக் கொண்ட அக்காப்பியம், கம்பனையும் சிந்தாமணியையும் கற்றுத் தேர்ந்தவர்களின் சபையில் நின்று நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டது. வள்ளல் சீதக்காதியும் பின்னர் அபுல் காசிம் மரைக்காயரும் அதற்குக் கைகொடுத்தனர். ஆயினும் கற்றோருக்கென்று எழுதப்பட்ட இந்நூல் கல்லாதோரையும் சென்றடைந்தது. ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் சொல்ல, ஊரார் கூடியிருந்து கேட்கும் சீறா வாசிப்பு அதற்கு வழி செய்தது. எழுத்தறியாதவரும் நூலின் வாசகராக இருக்க முடியும் என்பதை அந்த ஏற்பாடு காட்டுகின்றது.

இவற்றுக்கு நேர் எதிரே, பொழுதுபோக்குக்கும் இடம் கொடுத்த நூல்கள் இருந்தன. கிஸ்ஸா என்ற சொல்லுக்கே கதை என்றுதான் பொருள். யூசுப் நபி கிஸ்ஸா, சைத்தூன் கிஸ்ஸா, தமீம் அன்சாரி கிஸ்ஸா முதலியன பெருவாரியாகப் படிக்கப்பட்டவை. நூறு மசலாவிலே ஓர் இளவரசி தன்னை மணக்க வருபவனிடம் விடுகதைகளாகக் கேள்விகளை அடுக்குகிறாள். விடை சொல்லத் தெரிந்தவனே அவளைக் கைப்பிடிக்கிறான். படைப்போர் நூல்களில் வாளோசையும் குதிரைக் குளம்பொலியும் கேட்டபடியே இருக்கும். இளைஞர்கள் இவற்றை விரும்பிக் கேட்டிருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இங்கே ஒரு விடயத்தை அழுத்திக் கூற விரும்புகிறேன். ஒரே காலத்தில் ஒரே சமூகத்தில் சட்டம் சொல்லும் நூலும், ஞானம் பேசும் நூலும், வீரக் கதையும், விடுகதையும் அருகருகே இருந்தன. தக்கலை பீர் முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களையும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களையும் ஓதிய அதே வீடுகளில்தான் கிஸ்ஸாக்களும் படிக்கப்பட்டன. ஒன்று இருப்பதால் மற்றது கூடாது என்று அலுமாரிக்குப் பூட்டுப் போட்டவர்களாக அம்மக்கள் தெரியவில்லை.

உம்மாமாரின் அலுமாரி

நமது நூல் வரலாற்றில் மிகுதியும் பேசப்பட வேண்டிய, ஆனால் மிகக் குறைவாகவே பேசப்பட்ட வாசகர்கள் பெண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழெழுத்துக் கற்ற முஸ்லிம் பெண்கள் மிகச் சொற்பம். ஆனால் குர்ஆன் ஓதப் பழகிய பெண்கள் ஏராளம். ஓதற பள்ளியிலோ அயல் வீட்டு உம்மா ஒருவரிடமோ சிறுவயதிலேயே அரபு எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பெண்பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். மொழி தமிழ், கைவந்த எழுத்து அரபு. இந்த இரண்டையும் ஒரு தாளில் சேர்த்ததுதான் அரபுத்தமிழ். அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி ட, ண, ள, ப, ங போன்ற ஒலிகளுக்கு வடிவம் கொடுத்தார்கள். எகர ஒகரங்களுக்கும் குறிகளை உண்டாக்கிக்கொண்டார்கள்.

கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்படும் செய்யிது முஹம்மது ஆலிம் (1816 – 1898) இந்த எழுத்தில் எழுதியவர்களுள் தலையாயவர். இலங்கைக்குப் பலமுறை வந்து பல ஊர்களில் பணி செய்தவர். அவரது மஙானீ மார்க்கச் சட்டங்களை விளக்கியது. தலைபாத்திஹா பெண்களின் நாவில் பாடலாகவே தங்கிவிட்டது. அவரே மதீனத்துந் நுஹாஸ் என்ற தாமிரப் பட்டணத்துக் கதையையும் அரபுத்தமிழ் உரைநடையில் எழுதினார். தமிழின் ஆரம்ப நாவல்களோடு வைத்து அதனை எண்ண வேண்டும் என்போரும் உளர். அந்த விவாதத்தை ஆய்வாளரிடம் விட்டுவிடுவோம். சட்டம் எழுதிய அதே ஆலிமின் கை கதையும் எழுதியது என்பதே நமக்கு இங்கு முக்கியம். நம் நாட்டிலும் பேருவளை ஷெய்கு முஸ்தபா வலியுல்லாஹ் போன்றோர் இவ்வெழுத்திலே நூல் செய்தனர். அவரது மீஸான் மாலை பலராலும் ஓதப்பட்டது.

எனது மூத்தம்மா பஸ் வண்டியின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாதவர். யாராவது வாசித்துச் சொன்னால்தான் ஏறுவார். ஆனால் வெள்ளிக்கிழமை இரவில் (வியாழன் மாலையைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம்) மாலை கிதாபை விரித்து வைத்து ஒரு மணி நேரம் தட்டாமல் தடங்காமல் ஓதுவார். சுற்றியிருந்து கேட்கப் பெண்கள் வருவார்கள். அரசாங்கத்தின் கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவற்றவர். எங்கள் வளவுக்குள்ளே அவரே வாசகர், அவரே நூலகர்.

பெண்கள் வாசகர்களாக மட்டும் இருந்ததாகவும் நினைத்துவிடக் கூடாது. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஞானப் பாடல்களைப் பாடினார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். தமிழ் முஸ்லிம் பெண் ஒருவர் தன் பெயரோடு நாவல் வெளியிடுவது அக்காலத்தில் சாதாரண காரியமன்று.

ஒருவரே ஒரு நூலகம்

அச்சு யந்திரம் வந்த பிறகு வாசகரின் தொகையும் தன்மையும் மாறின. கொழும்பிலே மலாய் சமூகத்தைச் சேர்ந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் ஜாவி எழுத்தில் ‘அலாமத் லங்காபுரி’ என்ற பத்திரிகையையும், 1873இல் தமிழிலே ‘புதினாலங்காரி’யையும் நடத்தினார். புதினம் அறிய விரும்பும் வாசகர் அப்போது உருவாகிவிட்டார் என்பது இதிலிருந்து தெரிகின்றது.

ஆனால் வாசகரை வகை வகையாகப் பிரித்தறிந்து ஒவ்வொருவருக்கும் ஒன்றை எழுதிக் கொடுத்தவர் கண்டி அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838 – 1898) என்றே நான் கருதுகிறேன். தொழிலால் அவர் ஒரு புரொக்டர். 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தார். அந்த ஆண்டுதான் எகிப்திலே ஒறாபி பாஷா ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றார். அடுத்த மாதம், 1883 ஜனவரியில், அவர் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். கடைக்காரரும் வியாபாரியும் லெப்பையும் உலகச் செய்தியை ஆவலோடு எதிர்பார்த்த வேளை அது. முஸ்லிம் நேசன் அவ்வேளையிலே அவர்கள் கையில் கிடைத்தது.

1885இல் அவர் ‘அஸன்பே சரித்திரம்’ எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று இன்று பாடநூல்களிலும் இடம்பெறுவது அதுவே. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கிறது. இலங்கை மண் அதில் இல்லையே என்று குறைப்படுவோர் உண்டு. அந்தக் குறை நியாயமானதே. ஆனால் அக்கால வாசகரை எண்ணிப் பார்த்தால் வேறொன்றும் தோன்றும். எகிப்தின் நிலைமையை முஸ்லிம் நேசனில் செய்தியாகப் படித்த ஒருவருக்கு, அதே எகிப்தில் பிறந்து பறிகொடுக்கப்பட்ட ஒரு பிள்ளை கல்வி கற்று, அலைந்து, உயர்ந்து வரும் கதை எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! தம் பிள்ளைகளை ஆங்கிலக் கல்விக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்குப் பத்திரிகையில் நேரடியாகச் சொல்லிச் சலித்த ஒன்றைக் கதையாகவும் அவர் சொல்லிப் பார்த்தார் என்றே நான் வாசிக்கிறேன்.

அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்காகப் பாடநூல்கள் எழுதினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை நடத்தினார். தத்துவ நாட்டமுள்ளோருக்கு ‘ஞானதீபம்’ என்ற சஞ்சிகையை நடத்தி, இறுதிக் காலத்தில் ‘அஸ்றாருல் ஆலம்’ என்ற நூலையும் தந்தார். பத்திரிகை, நாவல், பாடநூல், தத்துவ நூல் என்று இவை நான்கும் வேறு வேறு வாசகருக்குரியவை. இவற்றையெல்லாம் எழுதியவர் ஒருவரே. 1892இல் மருதானையில் ஸாஹிறாக் கல்லூரியின் முன்னோடியான மத்ரஸா திறக்கப்படுவதற்கு அவரும் வாப்பிச்சி மரைக்காரும் ஒறாபி பாஷாவும் உழைத்ததை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அந்தப் பாடசாலையில் படித்து வெளியேறுவோர் வாசிப்பதற்கு நூல் வேண்டுமே என்ற கவலையும் அவருக்கு இருந்ததை அத்தனை நினைவுகூர்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் அடுக்குகள்

சித்திலெப்பைக்குப் பின்னர் அந்த வேலை பலரிடையே பங்கிடப்பட்டது. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் (1911 – 1973) ஆங்கிலத்தில் ஆற்றல் மிக்கவர், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். ஆனால் தமிழிலும் எழுத வேண்டும் என்று தீர்மானித்தார். 1963இல் ‘இலங்கையில் இஸ்லாம்’ வெளிவந்தது. ‘மிஸ்ரின் வசியம்’, ‘கிழக்காபிரிக்கக் காட்சிகள்’ என்ற பயண நூல்கள் தொடர்ந்தன. ஹஜ்ஜுக்கு அப்பால் வேறெங்கும் பயணம் செய்யும் வசதியற்ற வாசகரை அவர் தம் கூடவே அழைத்துச் சென்றார். மாணவருக்குப் பயண இலக்கியம் படிப்பிக்கும்போது நான் இன்றும் அவரது பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

பேராசிரியர் உவைஸ் ஆராய்ச்சியாளருக்குப் பெரும் தொகுதிகளை ஆக்கித் தந்தவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கென அமைந்த இருக்கையில் முதலில் அமர்ந்தவரும் இந்தப் பாணந்துறைக்காரர்தான். அதே உவைஸ் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’வை ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழாக்கினார். தென்மாகாணத்துச் சிங்களக் கிராமமொன்று சிதையும் கதையைக் கிழக்கு மாகாணத்துத் தமிழ் வாசகர் படிக்கட்டும் என்று ஓர் இஸ்லாமிய இலக்கிய ஆய்வாளர் எண்ணியது நமது அலுமாரியின் அகலத்தைக் காட்டுகிறது. பின்னாளில் எம்.ஏ. நுஃமான் 1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ மூலம் அதே அலுமாரிக்கு இன்னொரு தட்டைச் சேர்த்தார். பலஸ்தீனத்தைச் செய்தியாக மட்டுமே அறிந்திருந்தவர்கள் அந்த மக்களின் குரலைத் தமிழிலே கேட்டார்கள்.

மரபு வழி வாசகரும் கைவிடப்படவில்லை. மருதமுனைப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனின் நபிமொழி நாற்பது, காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் செய்னம்பு நாச்சியார் மான்மியம் என்பன யாப்பின் சுவை அறிந்தோருக்காக எழுந்தவை. இதற்கிடையில் நம்முடைய வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் கதைகளும் வந்தன. இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ தினகரனில் தொடராக வந்தபோது அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருந்த வாசகர்கள் நாடெங்கும் இருந்தனர். பித்தன் கே.எம். ஷாவின் ‘பாதிக் குழந்தை’, அ.ஸ. அப்துஸ் ஸமதுவின் ‘எனக்கு வயது பதின்மூன்று’, மருதூர்க் கொத்தனின் கதைகள், எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ ஆகியவற்றைப் படித்தபோதுதான் எங்கள் வாப்பாமாரின் பேச்சும் அச்சில் வரக்கூடியது என்று கிழக்கின் இளைஞர்கள் அறிந்தனர். கடலுக்கு அப்பால் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலானபோது அதே உணர்வு மீண்டும் கிடைத்தது. சுல்பிகா, அனார், பஹீமா ஜஹான் என்று பெண்களின் கவிதைகள் அடுத்து வந்தன. மூத்தம்மாவின் தலைமுறை ஓதியது, இத்தலைமுறை எழுதுகிறது.

எங்கே அறுந்தது?

இவ்வளவு செல்வமும் இருந்தும் கிராமத்து அலுமாரி ஏன் வெறுமையாகக் கிடக்கிறது? யுத்தமும் கடலும் பறித்தவை ஒரு பக்கம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அது தமிழ் வாசிக்கும் எல்லாருடைய இழப்பு. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். பிள்ளையைத் தூக்குவதா, கிதாபைத் தூக்குவதா? 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களில் வீடுகளோடு வீட்டு நூல்களும் போயின.

மற்றப் பக்கத்திலுள்ள இழப்பு சத்தமில்லாமல் நிகழ்ந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பெண்பிள்ளைகள் தமிழெழுத்துக் கற்றனர். இது பெரும் நன்மை. நானே அதன் பயனை அனுபவித்தவன். ஆனால் தமிழெழுத்து வந்த வீட்டிலிருந்து அரபுத்தமிழ் வெளியேறியது. மாலைகளையும் மௌலிதுகளையும் மார்க்க ரீதியாகக் கேள்விக்குட்படுத்திய சீர்திருத்தப் போக்குகளும் அந்நூல்களை ஓரங்கட்டின. அந்த விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும், அவ்வெழுத்தில் மாலைகள் மட்டும் இருக்கவில்லை என்பதை மறுக்க முடியாது. சட்ட நூலும் கதையும் அதே எழுத்தில்தான் இருந்தன. பேரப்பிள்ளைகளுக்கு அவை எல்லாமே வெறும் ‘கிதாபு’ ஆகிவிட்டன. குர்ஆனின் எழுத்தில் இருப்பதால் எறியவும் மனம் வராது, வாசிக்கவும் தெரியாது. பழுதடைந்ததும் துணியில் சுற்றி மரியாதையாக மண்ணிலே புதைத்தார்கள். நமது பெண்களின் நூலகம் பெரும்பாலும் இவ்வாறு, அவமதிப்பினால் அல்ல, மரியாதையினாலேயே அழிந்தது.

மூன்றாவது காரணம் நம்மைச் சார்ந்தது. இன்று நூல்கள் வெளிவராமலில்லை. விழா வைக்கிறோம், முதற்பிரதி வழங்குகிறோம், சிறப்புப் பிரதிகளுக்கு மேடையில் பெயர் வாசிக்கிறோம். வாங்குவோர் யார் என்று பார்த்தால் எழுதுபவரும் அவரது நண்பரும் அரசியல் பிரமுகருமே. கவிதைத் தொகுதிகள் நிறைய வருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சாகசக் கதை, வயல் செய்பவருக்கு மண்ணைப் பற்றிய ஒரு சிறு நூல், வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிய பெண்ணுக்குத் தன் கதை போன்ற ஒரு கதை என்று தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. நாம் ஒருவருக்காக ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பொய்க் கதை எதற்கு?

வாசிப்பு மாதமான ஒக்டோபரில், பழைய மாணவர் தந்த சிறு தொகையில் நூல் வாங்குவது பற்றி ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் பேசினோம். ஒரு தகப்பனார் எழுந்து கேட்டார்: “சேர், படிக்கிற புள்ளைகளுக்குப் பொய்க் கதை எதுக்கு? வினாத்தாள் புத்தகமும் மார்க்கப் புத்தகமும் வாங்கினா உதவுமே.”

அவர் கேட்டதில் குரோதம் இல்லை. பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சையும் மறுமையும் அவருக்குக் கவலை. அவருக்குச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த பதில் மேலைநாட்டுக் கல்வியியலாளரிடமிருந்து வரவேண்டியதில்லை. நமது வரலாற்றிலேயே இருக்கிறது. நான் சொன்னது இவ்வளவுதான்: “காக்கா, மார்க்கச் சட்டம் எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் கதை எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் கட்டப் பாடுபட்ட சித்திலெப்பையும் கதை எழுதியிருக்கிறார். உங்கட உம்மாவும் கிஸ்ஸா கேட்டுத்தான் வளர்ந்திருப்பாங்க.” அவர் சிரித்தார். “கிஸ்ஸா கேட்டது உண்மைதான்” என்றார். பணத்தை மூன்றாகப் பிரித்தோம். பரீட்சைக்கு ஒரு பங்கு, மார்க்கத்துக்கும் பொது அறிவுக்கும் ஒரு பங்கு, கதைக்கு ஒரு பங்கு. அந்த ஆண்டில் முதலில் கிழிந்து பைண்டிங்குக்குப் போனவை மூன்றாம் பங்கில் வாங்கியவைதான்.

கதைக்குச் சார்பாகப் பேசுவதால் ஏனைய நூல்களை நான் இறக்கிவிடவில்லை. கதையையே விரும்பாத மாணவர் சிலர் உண்டு. அவர்கள் பயண நூலையும் சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பிள்ளைகளைக் கதை படி என்று வற்புறுத்துவதும், கதை விரும்பும் பிள்ளையிடம் வினாத்தாளை நீட்டுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். ஆயிர மசலாவும் நூறு மசலாவும் அருகருகே இருந்த அலுமாரியே நமக்கு முன்மாதிரி.

செய்யக்கூடியவை

எழுத்தாளர் வட்டத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, வீடுகளில் எஞ்சியிருக்கும் அரபுத்தமிழ் நூல்களைப் புதைப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கச் செய்வோம். அவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறது. அவர்கள் வாசிக்க, பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். பாடசாலைச் செயற்றிட்டமாகவே இதனைச் செய்யலாம். 2005 முதல் நூலகம் இணைய நூலகம் ஈழத்து வெளியீடுகளை மின்வடிவில் பேணி வருவதால், பாதுகாக்க இடமில்லை என்ற சாட்டும் இப்போது செல்லாது.

இரண்டாவது, அஸன்பே சரித்திரம் முதலிய பழைய நூல்களைப் பரீட்சைக் குறிப்பாக மட்டும் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துவோம். “ஈழத்தின் முதல் நாவல் எது?” என்பதற்கு எல்லா மாணவரும் விடை எழுதுகின்றனர். அதை வாசித்தவர் எத்தனை பேர்? அருஞ்சொற்களுக்கு விளக்கத்தோடு, பெரிய எழுத்தில், பதினான்கு வயதுப் பிள்ளை விரும்பி வாசிக்கத்தக்க பதிப்புகள் வரவேண்டும்.

மூன்றாவது, நூல் எழுதத் தொடங்குமுன் வாசகர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் நம் நண்பராக இருக்கக் கூடாது. தரம் ஐந்துப் பிள்ளையாக, கடை மேசையில் இருப்பவராக, அடுப்படியில் கைபேசியை வைத்துக்கொண்டு வாசிக்க ஏதுமில்லாமல் இருக்கும் பெண்ணாக இருக்கட்டும். குர்ஆன் எழுத்தை மட்டும் அறிந்த ஒரு பெண்ணுக்காக ஓர் எழுத்து முறையையே பண்படுத்தி நூல் செய்தவர்களின் வாரிசுகள் நாம். தமிழெழுத்து அறிந்த வாசகர் வீட்டுக்கு வீடு இருக்கும் இன்றைய காலத்தில் அவர்களுக்கென எழுதுவது நமக்கு அதைவிடக் கடினமான காரியமாக இருக்க நியாயமில்லை.